கரையேறிய படகின் கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகும் மாதங்களில் இழுவலை கடலடியைத் துழாவாமல் இருக்கட்டும் என்று 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய தடை இது. 2017-ல் 61 நாளாக நீண்டது. ஆண்டுதோறும் இதைப் பற்றி நிறையவே பேசுகிறோம். மீன் விலை ஏறுவதைப் பேசுகிறோம், நிவாரணம் கைக்கு வந்ததா என்று கேட்கிறோம், தடை முடிந்ததும் சென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கூடும் கூட்டத்தைப் படம் எடுத்துப் போடுகிறோம். அந்த இரண்டு மாதமும் படகு என்ன ஆகிறது என்ற கேள்விக்குச் செய்திகளில் ஒரு வரிதான் கிடைக்கிறது: மீனவர்கள் படகுகளைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டுள்ளனர். அந்த ஒரு வரிக்குள் இருப்பது ஒரு முழுத் தொழில். கரையில் நிற்கும் நாளும் படகுக்கு வேலை நாள்தான். அந்த வேலைக்கு இடம் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், காசு வேண்டும். மீனைக் கணக்கில் எடுத்தோம், குடும்பத்தைக் கணக்கில் எடுத்தோம்; நிற்கும் படகை இன்னும் எடுக்கவில்லை. இதில் அதிகம் அடிபடுவது காசிமேட்டின் பெரிய லாஞ்சுகள்கூட அல்ல. எண்ணூர் தொடங்கி, மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளி, காளாஞ்சி வழியாகப் பழவேற்காடு வரை குப்பங்களில் கிடக்கும் சின்னப் படகுகள்தான்.

பருவத்துக்குப் பருவம் படகைக் கரையேற்றி வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். குளிர் நாடுகளில் சின்னப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் இலையுதிர் காலத்தில் அதைத் தண்ணீரிலிருந்து தூக்கி, முட்டுக் கொடுத்து நிறுத்தி, தார்ப்பாய் போர்த்திவிட்டு வசந்தத்தில்தான் திரும்பத் தொடுகிறார்கள். அவர்களுக்குப் பகை பனி. எஞ்சினுக்குள் தங்கிய தண்ணீர் உறைந்தால் விரியும். விரிந்தால் வார்ப்பிரும்பே பிளந்துவிடும். அதனால் தண்ணீரை வடித்து, உறையாமல் தடுக்கும் திரவத்தை ஊற்றி வைக்கிறார்கள். வசந்தத்தில் வந்ததும் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிக் கயிறுகளில் இழை அறுந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும், பாயின் தையலை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதும், அடிப்பகுதிக்குப் பாசி பிடிக்காத பெயிண்ட் அடிப்பதும் அங்கே எழுதி வைக்காத சட்டம். இதற்கென்றே வாடகைக்கு இடம் தரும் படகுத்தளங்கள் உண்டு. காப்பீட்டு நிறுவனமும் படகின் நிலையைக் கேட்கும். நம் படகுகளோ நேர் எதிரான பருவத்தில் கரையேறுகின்றன. சித்திரையும் வைகாசியும். அக்னி நட்சத்திரம் முழுக்க இந்த 61 நாளுக்குள் அடங்கிவிடுகிறது. இங்கே பகை வெயில். பனி ஒரே இரவில் செய்யும் சேதம் கண்ணுக்குத் தெரியும். வெயில் இரண்டு மாதம் மெல்ல மெல்லச் செய்யும் சேதம், படகைத் தண்ணீரில் இறக்கிய பிறகுதான் தெரியும்.

மரப்படகில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். காசிமேட்டு விசைப்படகின் உடல் ஏரா எனப்படும் அடிக்கட்டையின் மேல் எழும்பி, வங்கு எனப்படும் விலாக்கட்டைகளில் பலகைகளை வரிசையாக அறைந்து கட்டப்பட்டது. பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பசையைப் பூசி அடைப்பார்கள். கலப்பத்து என்பது இந்த வேலைதான். இப்போது குங்கிலியத்தின் இடத்தில் பெரும்பாலும் புட்டியும் ரசாயனப் பசையும் வந்துவிட்டன. வேலையின் தத்துவம் அதேதான். படகு தண்ணீரில் இருக்கும்வரை பலகை ஊறிப் பருத்து, திரியை நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. கரையேறி வெயிலில் காயும்போது பலகை சுருங்குகிறது. இடுக்கு விரிகிறது, திரி தளர்கிறது, பழைய பசை பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. காய்ந்த படகை அப்படியே இறக்கினால் முதல் ஓரிரு நாள் பல இடங்களில் தண்ணீர் கசியும். பலகை மறுபடி ஊறிப் பருக்கும்வரை ஆள் வைத்து இறைக்க வேண்டும். நல்ல படகு என்றால் கசிவு தானாக நின்றுவிடும். அடியில் ஒரு பலகை உளுத்திருந்தால் நிற்காது. எது எது என்று பிரித்தறிவதற்குத்தான் ஆசாரி சுத்தியலோடு படகைச் சுற்றி வருகிறார். திடமான பலகை கணீரென்று பதில் சொல்லும், உளுத்த பலகை மந்தமாக ஒலிக்கும். சந்தேகப்பட்ட இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்திப் பார்ப்பார்; உளுத்திருந்தால் அது தடையில்லாமல் உள்ளே போகும். ஆணித்தலையைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை வழிந்திருந்தால், உள்ளே ஆணி துருப்பிடித்து மெலிந்திருக்கிறது என்று பொருள். மாற்றவேண்டியது ஒரு பலகையா நான்கா என்பது பழைய பெயிண்ட்டைச் சுரண்டிய பிறகுதான் தெரியும். அதனால்தான் படகுச் செலவை யாராலும் முன்கூட்டிச் சரியாகச் சொல்ல முடிவதில்லை.

அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் கொட்டலசு என்னும் ஓட்டுயிரியும் சாதாரண விஷயமில்லை. ஈரம் காய்வதற்குள் சுரண்டினால் ஓரளவு எளிதாக வரும். நாள் கடந்து இறுகிவிட்டால் உளியும் சுத்தியலும் வேண்டும், பலகையும் சேர்ந்து காயப்படும். ஆக, கரையேறிய முதல் வாரத்திலேயே செய்யவேண்டிய வேலை இது. அப்படியே விட்டால் படகின் அடி சொரசொரப்பாகி, அதே வேகத்தில் ஓட அதிக டீசல் குடிக்கும். விசிறியைச் சுழற்றும் சாஃப்ட், படகின் உடலைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் தண்ணீர் புகாதபடி கிளாண்டில் அடைக்கும் பேக்கிங், கரையில் நிற்கும்போது காய்ந்து கெட்டியாகிவிடும். அதை மாற்றாமல் இறக்கினால் நடுக்கடலில் எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகும். பாதி நிரம்பிய டீசல் தொட்டியில் இரவுக் காற்றின் ஈரம் குளிர்ந்து துளித்துளியாய்ச் சேர்ந்து அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து வழவழப்பான கசடாகிப் பில்டரை அடைக்கும். பேட்டரி சும்மா கிடந்தாலே வலுவிழக்கும். இவை எல்லாமே வாங்கிவிட்டால் முடியும் செலவல்ல, நாள் பார்த்துச் செய்யவேண்டிய வேலைகள்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். மரப்படகின் காலம் போய்விட்டது, இப்போது எல்லாம் ஃபைபர். ஃபைபர் உளுக்காது, அதற்கு எதற்கு இவ்வளவு பராமரிப்பு என்பார்கள். சின்னப் படகுகளைப் பொறுத்தவரை முதல் பாதி உண்மைதான். 1980-களில் மெல்லப் பரவத் தொடங்கிய ஃபைபர் படகு, 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்தபோது கட்டுமரத்தைப் பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டது. ஆனால் உளுக்காது என்பதற்கும் கெடாது என்பதற்கும் நிறைய தூரம். ஃபைபர் படகின் மேல்தோல் வெயிலில் வெளிறிச் சுண்ணாம்பாய்க் கையில் ஒட்டும். மணலிலும் கல்லிலும் இழுபட்ட அடிப்பாகம் தேய்ந்து உள்ளிருக்கும் கண்ணாடி நார் தலைநீட்டும். மயிரிழை விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கினால் அடுக்குகளுக்கு நடுவில் கொப்புளம் எழும். எஞ்சின் மாட்டும் பின்பலகையில் உள்ளே மரத்தை வைத்து வெளியே ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் புகுந்தால் அந்த மரம் யாருக்கும் தெரியாமல் அழுகும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று பெயிண்ட். ஒருநாள் அலையில் எஞ்சின் பின்பலகையோடு பிய்த்துக்கொண்டு போகும். மரத்தின் குறை கண்ணுக்கும் காதுக்கும் தெரியும், ஃபைபர் தன் குறையை மறைத்து வைத்துக்கொள்ளும். அதனால் ஃபைபர் படகுக்குத்தான் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. பழைய மரப்படகின் கசிவை நிறுத்த மேலே ஃபைபர் ஒட்டும் வழக்கமும் இப்போது இருக்கிறது. நன்றாகக் காயாத பலகைமேல் ஒட்டினால் உள்ளே சிறைப்பட்ட ஈரம் மரத்தை இன்னும் வேகமாக உளுக்கச் செய்யும். மரம் காய நாள் வேண்டும். அந்த நாள் தடைக்காலத்தில் மட்டும்தான் கிடைக்கிறது.

அவுட்போர்டு எஞ்சினுக்கு வேண்டியது நல்ல தண்ணீர். கடல்நீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் எஞ்சினின் உட்குழாய்களில் உப்பு படியும். நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவாமல் வாரக்கணக்கில் நிறுத்தினால் உப்பு கெட்டிப்பட்டு வழியை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். எஞ்சின் தயாரிப்பாளர்களின் கையேடுகளில் இந்த அறிவுரை தவறாமல் இருக்கிறது. மீஞ்சூர் வட்டாரத்தில் அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? 1960-களின் இறுதியிலிருந்து சென்னையின் தேவைக்காகவும் மணலித் தொழிற்சாலைகளுக்காகவும் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களிலிருந்து நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. நிலத்தடி நீர் உப்பாவதற்கு எடுத்துக்காட்டாக ஆய்வாளர்கள் காட்டும் ஊர்களில் மீஞ்சூரும் ஒன்று. காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த, மீஞ்சூர் பெயராலேயே அறியப்படும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கக் கட்டப்பட்டது. அந்த நீர் சென்னை மாநகருக்கு. குடிக்கவே விலைக்கு வாங்கும் வீட்டில் எஞ்சின் கழுவக் குடம் குடமாகத் தண்ணீர் எடுக்கச் சொல்வது நியாயமில்லை. படகு இறங்கும் கரையில் ஒரு குழாய் இருந்தால் போதும், ஓர் எஞ்சினின் ஆயுள் கூடும்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தானே, கட்டுமரமும் நாட்டுப்படகும் கரையோரம் தொழில் செய்யலாமே, அவற்றுக்கு எங்கே வந்தது நிற்கும் காலம் என்று கேட்கலாம். சட்டம் நிறுத்துவதில்லை என்பது சரி. வானிலை நிறுத்துகிறது. சின்னப் படகின் உண்மையான குளிர்காலம் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எச்சரிக்கை வந்தால் படகை அலை தொடாத இடத்துக்கு இழுத்து ஏற்ற வேண்டும். எச்சரிக்கை தளர்ந்ததும் திரும்ப இறக்க வேண்டும், மறு வாரமே மீண்டும் ஏற்ற வேண்டும். தை பிறந்து கடல் அமரும்போது அந்தப் படகு எத்தனையோ முறை மணலிலும் கல்லிலும் இழுபட்டிருக்கும், மழைநீர் தேங்கி நின்றிருக்கும். பெரிய படகுக்கு 61 நாள் என்று நாள் குறித்த நிறுத்தமாவது உண்டு, அதற்கேற்ப ஆசாரியையும் மெக்கானிக்கையும் பிடிக்கலாம். சின்னப் படகின் நிறுத்தம் துண்டு துண்டாக, சொல்லாமல் வருகிறது. இந்த மாதங்களுக்கும் மீனவர் குடும்பத்துக்கு அரசு தனி நிவாரணம் தருகிறது. அங்கேயும் கணக்கு குடும்பத்துக்கு மட்டும்தான்.

கரையில் நிற்பதையும் தொழிலாகவே எண்ணிய அறிவு இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. கட்டுமரத்தின் அமைப்பிலேயே அது இருந்தது. கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்து, மணலில் தனித்தனியாகக் காய வைப்பார்கள். நீரை உறிஞ்சிய மரம் கனத்து மிதப்பை இழந்துவிடும் என்பதால், காயும் நேரம் தொழில் நேரத்தின் மறுபாதி. பாயையும் அதைக் கட்டும் பருமலையும் கழற்றி உலர்த்தி வைப்பதும் அதனோடு சேர்ந்தது. துறைமுகம் வருவதற்கு முன் சென்னையில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலையைக் கடந்து ஆளும் சரக்கும் சுமந்த மசூலாப் படகில் ஆணியே இல்லை, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். ஆணி அறைந்த படகு அலை மோதலில் பிளக்கும், தைத்த படகு நெகிழ்ந்து கொடுக்கும். அந்தத் தையல் நிரந்தரமில்லை. பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்து, இந்தியப் படகுகளைப் பற்றி விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல் இந்த இரு வகைகளையும் பதிவு செய்திருக்கிறார். பழுதே வராத படகைக் கட்ட அந்தக் கைவினைஞர்கள் முயலவில்லை. பழுதைக் கரையில், சொந்தக் கையால், கையிலிருக்கும் பொருளால் சரிசெய்யக்கூடிய படகைக் கட்டினார்கள். இன்றைய ஃபைபர் படகுக்கு ரெசினும் கண்ணாடி நார் மேட்டும் கடையில் வாங்க வேண்டும், எஞ்சினுக்கு உதிரி பாகம் வேண்டும், படித்த மெக்கானிக் வேண்டும். படகு வேகமாகவும் பெரிதாகவும் ஆனது, மீனவரின் உடல் பாடு குறைந்தது; இதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. கூடவே பராமரிப்பு மணலிலிருந்து சந்தைக்கு இடம் மாறியது, அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மணல் என்றதும் இந்தப் பகுதியின் பெரிய வேதனைக்கு வந்துவிடுகிறோம். படகைக் கரையேற்ற முதலில் கரை வேண்டும். 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர் கடலுக்குள் நீளத் தொடங்கியது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் அந்தச் சுவரில் தடைபட்டுத் தெற்கே குவிந்தது. மெரினா அகன்றது அப்படித்தான். வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கரைகளுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. குப்பங்கள் பின்வாங்கின, தெருக்கள் கடலில் போயின. பிறகு கரையைக் காக்கப் பாறாங்கல் கொட்டினார்கள். வீட்டைக் காக்கும் அந்தக் கற்குவியல் படகை ஏற்ற விடாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கிடைத்த சின்னச் சந்தில் எல்லாப் படகும் நெருக்கியடித்து நிற்க வேண்டியிருக்கிறது. எண்ணூரில் 2001-ல் ஒரு துறைமுகம், அதையடுத்து 2012-13 வாக்கில் காட்டுப்பள்ளியில் இன்னொன்று. அவற்றுக்கும் வடக்கே கரை அரிக்கப்படுவதாகப் பழவேற்காட்டுக் கரையோர மீனவர்கள் சொல்லிவருவதும், காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்ப்பதும் இந்தப் பின்னணியில்தான். இந்த எதிர்ப்பை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மீன்வளத்தைப் பற்றிய கவலையாக மட்டுமே புரிந்துகொள்கிறார்கள். படகு நிறுத்தும் இடத்தைப் பற்றிய கவலையும் அதில் பாதி. மணல் போன கரையில் சின்னப் படகுத் தொழில் செய்ய முடியாது, கடலில் எத்தனை மீன் இருந்தாலும்.

பெரிய படகுகளின் நெருக்கடி வேறு மாதிரி. 1980-களில் செயல்பாட்டுக்கு வந்த காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. தடைக்காலத்தில் எல்லாப் படகும் ஒரே சமயத்தில் திரும்பிவிடுவதால் கரையேற்ற இடத்துக்குப் போட்டி, ஆசாரிக்குப் போட்டி, லேத்துக்குப் போட்டி. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது நெருக்கமாகக் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. திருவொற்றியூர் குப்பத்தில் 2025-ல் திறக்கப்பட்ட சூரை மீன்பிடித் துறைமுகம் இந்த நெரிசலில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும் என்பது நல்ல செய்தி. படகு அணையும் தளங்களும் ஏலக்கூடமும் போலவே, படகை ஏற்றிச் சீரமைக்கும் சாய்தளமும் அங்கே எல்லோருக்கும் முறை வைத்துக் கிடைக்கிறதா என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

பொதுப்பணத்தைக் காப்பவர்களின் கேள்வி ஒன்று மீதமிருக்கிறது: படகு தனியார் சொத்து, லாபம் முதலாளிக்கு, செலவு மட்டும் எதற்கு அரசுக்கு? நியாயமான கேள்வி. லாரி வைத்திருப்பவர் சொந்தச் செலவில்தானே டயர் மாற்றுகிறார்? வேறுபாடு இதுதான்: லாரியை இரண்டு மாதம் ஓட்டாதே என்று சட்டம் சொல்வதில்லை. பொது நன்மைக்காக, அதாவது நாளைய மீனுக்காக, தொழிலை நிறுத்தச் சொல்வது அரசு. வருமானம் அறவே இல்லாத அந்த 61 நாளில்தான் ஆண்டின் பெரிய செலவும் வந்து நிற்கிறது. ஒரு விசைப்படகை ஒழுங்காகச் சீரமைக்கச் சில லட்சம் ரூபாய் ஆகும். தடைக்கால நிவாரணமாக ஒரு குடும்பத்துக்கு இப்போது கிடைப்பது 8,000 ரூபாய். அது அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்குமே போதாது. ஆகவே படகுக்காரர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். முன்பணம் வாங்கியவர் மீனை அந்த வியாபாரிக்கே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கும். முன்பணம் கிடைக்காதவர் வேலையைச் சுருக்குகிறார்: பலகையை மாற்றாமல் மேலே புட்டி, பேக்கிங் அடுத்த ஆண்டு பார்க்கலாம், பெயிண்ட் மட்டும் அடித்துவிடலாம். அந்தச் சுருக்கத்தின் விலையைக் கடலில் கொடுப்பவர் பங்குக்கு வேலை செய்யும் தொழிலாளி. முதலாளியின் சொத்து என்று நாம் சொல்லும் பொருளின் மேல்தான் அவர் உயிர் மிதக்கிறது. நடுக்கடலில் எஞ்சின் நின்ற படகைத் தேடக் கடலோரக் காவல்படையின் கப்பல் போகிறதே, அதுவும் பொதுச்செலவுதான்.

படகைக் கணக்கில் எடுப்பது அரசுக்கு முன்பின் தெரியாத காரியமும் அல்ல. டீசலுக்கு எடுக்கிறது: விற்பனை வரி நீக்கிய டீசல் ஒரு விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர், நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர். ஓடும்போது படகு அரசின் பேரேட்டில் இருக்கிறது, நிற்கும்போது அதிலிருந்து மறைந்துவிடுகிறது. ஆண்டுதோறும் தடைக்காலத்தில் மீன்வளத்துறை படகுகளை நேரில் ஆய்வு செய்வதும் உண்டு. பிறகு எதற்கு இன்னொரு ஏற்பாடு என்று கேட்கலாம். அந்த ஆய்வு தேவையானதே. ஆனால் அதன் பார்வை பதிவெண், உரிமம், படகின் நீளம், எஞ்சினின் குதிரைத்திறன், வலைக்கண்ணின் அளவு, உயிர்காப்புச் சட்டை என்று விதிமீறலைத் தேடிப் போகிறது. பலகையைத் தட்டிப் பார்ப்பதும் பின்பலகையின் உட்புறத்தைச் சோதிப்பதும் வேறு கை, வேறு கண். அதையும் அபராதத்தோடு சேர்த்தால் படகுக்காரர் குறையை மறைப்பார், பெயிண்ட் இன்னும் தடிமனாகும். தண்டிக்காத ஒருவர், தொழில் தெரிந்த ஆசாரியோ மெக்கானிக்கோ, வந்து பார்த்து எழுதிக் கொடுக்கும் சீட்டாக அது இருக்க வேண்டும். அந்தச் சீட்டைக் காட்டினால் மீனவர் கூட்டுறவுச் சங்கம் வட்டியில்லாமல் முன்பணம் கொடுத்து, ஜூலை, ஆகஸ்ட் பிடிப்பிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வியாபாரியின் பிடி தளர அதுவே ஒரு வழி.

சீரமைத்த படகு முதல் நாளே ஆழ்கடலுக்கு ஓட வேண்டியதில்லை என்பதும் இதில் சேரும். ஜூன் 14 நள்ளிரவுக்கு எல்லாப் படகும் ஒன்றாகப் புறப்படுகின்றன. முதலில் போனவருக்கு முதல் மீன், முதல் விலை. நேற்று இறக்கிய படகு இன்று இரவே ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு பல நாள் பயணத்துக்குக் கிளம்புகிறது. காய்ந்த பலகை ஊற வேண்டிய நாளும், புதுப் பேக்கிங் சூடாகிறதா என்று பார்க்க வேண்டிய நேரமும் அதில் கிடைப்பதில்லை. மீன் பிடிக்காமல், வலை ஏற்றாமல், கரை கண்ணில் படும் தூரத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்க, கடைசி வாரத்தில் முறை வைத்து எல்லாப் படகுக்கும் அனுமதி கொடுத்தால் தடையின் நோக்கம் கெடாது. மீனின் இனப்பெருக்கத்துக்கு வலைதான் ஆபத்து, வலையில்லாத படகு அல்ல. அனுமதி என்ற பெயரில் திருட்டுத்தனமாக மீன் பிடிப்பார்கள் என்ற அச்சத்துக்கும் விடை உண்டு. வலையை இறக்கி வைத்துவிட்டு வரச் சொன்னால் வேலை முடிந்தது.

எண்ணூர், மீஞ்சூர்ப் பகுதி சின்னப் படகுகளுக்கு இதெல்லாம் செய்ய முடியுமா என்று தயங்குவோருக்கு 2023 டிசம்பரை நினைவுபடுத்தலாம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவி, படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் கருப்பாய்ப் படிந்தது. தமிழ்நாடு அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அதில் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். அவற்றோடு, குடும்பத்துக்குச் சேராமல் தனியாக, 787 படகுகளைச் சீரமைக்கப் படகுக்குத் தலா 10,000 ரூபாய். எண்ணெய் படிந்த படகைக் கழுவிச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க அது போதுமா என்ற விவாதம் இருக்கட்டும். படகு என்பது குடும்பத்திலிருந்து தனியான ஒரு கணக்கு என்று அன்று அரசு ஒத்துக்கொண்டது. குப்பம் குப்பமாகப் போய் எந்தப் படகு, யாருடையது, என்ன சேதம் என்று பட்டியல் எடுத்துவிட்டது. அந்த 787 படகுக்கும் சேர்த்து ஆன தொகை 78.7 லட்சம் ரூபாய், மொத்த நிவாரணத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எண்ணெய் பரவாத ஆண்டிலும் அதே படகுகள் மழை ஓய்ந்ததும் கல்லில் தேய்ந்த அடியோடும் உப்பு படிந்த எஞ்சினோடும்தான் கடலுக்குத் திரும்புகின்றன. பட்டியல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அடுத்த பருவமழைக்கு முன் அதைத் திறந்து, ஒவ்வொரு குப்பத்திலும் படகேற்ற ஒரு மணல் துண்டையும் ஒரு தண்ணீர்க் குழாயையும் அதில் சேர்த்து எழுதலாம்.